கரி வெட்டியவர்களே சொல்லும் கதை

கார்டிஃப்

கார்டிஃப் கோட்டைக்குள் அரபு அறை என்று ஓர் அறை இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்கத் தங்க இலை மின்னுகிறது. பியூட் வம்சத்தின் மூன்றாம் மார்க்வெஸ், வில்லியம் பர்ஜஸ் என்ற கட்டடக் கலைஞரை வைத்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டிய அறை அது. அந்த மார்க்வெஸைத் தன் காலத்தின் பெரும் செல்வந்தர்களில் ஒருவர் என்று சொல்வார்கள். அவருடைய தந்தை கார்டிஃப்பில் கப்பல்துறை அமைத்து 1839இல் திறந்தார். வடக்கே மலைப் பள்ளத்தாக்குகளில் வெட்டிய நிலக்கரி அந்தத் துறை வழியாக உலகம் முழுக்கப் போயிற்று. அந்தக் கரியில் வந்த பணம்தான் இங்கே கூரையில் தங்கமாக ஒட்டியிருக்கிறது.

கார்டிஃப் இருக்கும் தெற்கு வேல்ஸின் கரி புகை குறைவாக, வெப்பம் மிகுதியாக எரியும். பிரிட்டிஷ் கடற்படை அதைத்தான் விரும்பி வாங்கியது. 1913இல் மட்டும் இந்தப் பகுதியில் ஏறத்தாழ 5.7 கோடி டன் வெட்டி எடுத்தார்கள். அன்று சுரங்கங்களில் வேலை பார்த்தவர்கள் சுமார் 2.3 லட்சம் பேர். விரிகுடாப் பக்கம் இருக்கும் நிலக்கரி வணிக மாளிகையில்தான் கரிக்கு விலை பேசினார்கள். நீராவிக் கப்பல் ஓடிய கடல்வழியெல்லாம் இந்தக் கரியும் போனது. கொழும்புத் துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கூடை கூடையாகக் கரி சுமந்து ஏற்றிய கூலிகளில் நம்மவர்கள் எத்தனையோ பேர்.

நான் நெய்வேலியை ஒட்டிய கிராமத்தில் வளர்ந்தவன். சுரங்கம் என்றால் எனக்கு வானம் பார்த்த பள்ளம். விளிம்பில் நின்றால், ராட்சதச் சக்கர இயந்திரம் மண்ணைச் சுரண்டுவதும் கன்வேயர் பெல்ட் மைல் கணக்கில் ஓடுவதும் தெரியும். வெயிலும் தூசியும் உண்டு. இருட்டு கிடையாது. ஆள் இறங்கிப் படுத்துக்கொண்டு கரி வெட்டிய சுரங்கத்தை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்று பல காலமாக ஆசை. கார்டிஃப் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்க்கும் என் கல்லூரி நண்பன் தன் காரிலேயே கூட்டிப் போவதாகச் சொன்னான். “மேலே குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கோ. கீழே வேற குளிர் இருக்கும், அதுக்கும் சேர்த்துப் போட்டுக்கோடா,” என்றான்.

பிளைனாவன்

கடலோரச் சமவெளியை விட்டு வடக்கே திரும்பியதும் சாலை ஏறத் தொடங்குகிறது. போண்ட்டிபூலைத் தாண்டினால் இருபக்கமும் மலை நெருங்கி வருகிறது. மரம் அதிகம் இல்லை. முழங்கால் உயரப் புல், பழுப்பேறிய பெரணி, கண்ணுக்கு எட்டிய இடமெல்லாம் செம்மறி ஆடுகள். மழை பெய்கிறதா நின்றுவிட்டதா என்று சொல்ல முடியாத ஒரு தூறல். சரிவுகளில் புல் மூடிய மேடுகள் சில வரிசையாகத் தெரிந்தன. குன்றுகள் என்றே நினைக்கத் தோன்றும். எல்லாம் சுரங்கத்திலிருந்து வெளியே கொட்டிய கழிவுக் குவியல்கள் என்று நண்பன் சொன்னான். நெய்வேலிக்காரனுக்கு அந்த வடிவம் பழக்கமானது. எங்கள் ஊரிலும் மேல்மண்ணைக் கொட்டிக் கொட்டியே மலை எழுப்பியிருக்கிறார்கள், அதன் மேல் மரம் நட்டிருக்கிறார்கள்.

பிளைனாவன் சிறிய ஊர். சுமார் 6,000 பேர் இருக்கிறார்கள். முதலில் இங்கே வந்தது இரும்பு. 1789இல் ஊதுலைகள் எரியத் தொடங்கின. இரும்புக் கல், சுண்ணாம்புக் கல், கரி, தண்ணீர் நான்கும் ஒரே மலையில் கிடைத்தன. 1870களின் இறுதியில் சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸும், இங்கே வேதியியலராக இருந்த அவருடைய உறவினர் பெர்சி கில்கிறிஸ்ட்டும் பாஸ்பரஸ் கலந்த இரும்பிலிருந்து நல்ல எஃகு எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு ஜெர்மனியிலும் பிரான்சிலும் கிடந்த தரம் குறைந்த தாதுவெல்லாம் பயனுக்கு வந்தது. ஊரின் இரும்புத் தொழில் பின்னால் தளர்ந்துபோனது. கரி மட்டும் நின்றது. இந்த நிலப்பரப்பு முழுவதையும் யுனெஸ்கோ 2000இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

ஊருக்குள் எல்லாவற்றையும்விட உயர்ந்து நிற்கும் கட்டடம் தொழிலாளர் மன்றம். 1890களில் கட்டியது. முதலாளி கொடுத்த நன்கொடையில் எழும்பியதல்ல. தொழிலாளர்கள் தங்கள் வாரக் கூலியில் சிறு காசு பிடித்துக் கொடுத்தே அதைக் கட்டினார்கள். நூலகம், செய்தித்தாள் படிக்க ஓர் அறை, கூட்டம் போட ஒரு மண்டபம். நாளெல்லாம் இருட்டில் குனிந்து கிடந்தவர்கள் மாலையில் படிக்க வெளிச்சமான ஓர் இடத்தைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். அந்தப் படிகளில் நின்றபோது, இந்தப் பயணத்தில் நான் எதைத் தேட வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பிக் பிட், மேலே

ஊரின் மேற்கே மலைச் சரிவில் இரும்புச் சட்டங்களால் ஆன கோபுரம் ஒன்று நிற்கிறது. அதன் உச்சியில் இரண்டு சக்கரங்கள். அதுதான் பிக் பிட். 1880 வாக்கில் தோண்டி முடித்த இதன் குழி நீள்வட்ட வடிவம், 18 அடிக்கு 13 அடி. அந்தக் காலத்தில் அவ்வளவு அகலமான குழி அரிது. ‘பெரிய குழி’ என்ற பெயர் அதனால் வந்தது. உச்சத்தில் இருந்தபோது 1,300 பேர் வேலை பார்த்தார்கள், ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் கரி எடுத்தார்கள். 1980 பிப்ரவரி 2ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். 1983இல் பார்வையாளர்களுக்காகத் திறந்தார்கள். இன்று அது வேல்ஸ் தேசிய அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி.

இறங்குவதற்கு முன் எல்லாரையும் ஓர் அறையில் நிறுத்தினார்கள். கைபேசி, கைக்கடிகாரம், கார் சாவி, தீப்பெட்டி என்று பேட்டரி உள்ளதும் பொறி பறக்கக்கூடியதும் எதுவும் கீழே போகக் கூடாது. நிலக்கரிக்குள் மீத்தேன் வாயு உண்டு. காற்றில் அது 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரே ஒரு பொறி போதும். சுரங்கம் மூடி இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் அதே விதிகள்தான், அதே சோதனைதான். தலைக்கு ஹெல்மெட், அதில் விளக்கு. இடுப்பில் கனமான பெல்ட். அதன் ஒரு பக்கம் விளக்குக்கான பேட்டரி, மறுபக்கம் தகரப் பெட்டி. விஷவாயு பரவினால் வாயில் கவ்விக்கொண்டு மூச்சு விடுவதற்கான வடிகட்டி அது.

எங்கள் வழிகாட்டிக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். குட்டையான உருவம், அகன்ற தோள், காதருகே நீலமாக ஒரு கோடு. காயத்துக்குள் கரித்தூள் போய் ஆறினால் தோலில் அப்படி நீலம் பாய்ந்துவிடும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். 16 வயதில் சுரங்கத்தில் சேர்ந்தாராம். அப்பா, தாத்தா எல்லாரும் கரி வெட்டியவர்கள். இங்கே வழிகாட்டிகளாக இருப்பவர்களில் பலர் இப்படித்தான், சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர்கள். தன் பெயரைச் சொல்லி, எங்கள் ஒவ்வொருவரிடமும் எந்த ஊர் என்று கேட்டார். தென்னிந்தியா, எங்கள் ஊரிலும் நிலக்கரிச் சுரங்கம் உண்டு என்றேன். “எத்தனை ஆழம்?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. திறந்தவெளிச் சுரங்கம் என்றதும், “அப்படியானால் மழை நனைக்கும். இங்கே அந்தக் கவலை இருக்காது, தண்ணீர் கீழேயிருந்து வரும்,” என்றார்.

90 மீட்டர் கீழே

இரும்புக் கூண்டில் ஏறினோம். சங்கிலிக் கதவை இழுத்து மூடினார்கள். மணி ஒலித்ததும் கூண்டு இறங்கியது. கல்லும் செங்கல்லுமான சுவர் ஈரத்தோடு மேலே நகர்ந்துகொண்டே போனது. தலைக்கு மேல் இருந்த வெளிச்சம் சிறுத்துச் சிறுத்து மறைந்தது. 90 மீட்டர். காது லேசாக அடைத்தது. பேசிக்கொண்டு வந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

கீழே இறங்கியதும் முகத்தில் மோதியது காற்று. இவ்வளவு காற்று கீழே இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. விசிறி வைத்து இழுத்து, சுரங்கம் முழுக்கக் காற்றைச் சுற்றவிடுகிறார்கள். காற்று நின்றால் மீத்தேன் தேங்கும். அதனால் சுரங்க வேலையில் பாதி, கரியை வெட்டுவது. மறுபாதி காற்றை நடத்துவது. எந்தப் பாதையில் காற்று போக வேண்டும், எந்தப் பாதையில் போகக் கூடாது என்று தீர்மானிப்பவை இடையிடையே இருக்கும் மரக் கதவுகள்.

அப்படி ஒரு கதவருகே வழிகாட்டி எங்களை நிறுத்தினார். “உங்கள் விளக்கை அணையுங்கள். பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடிக்க வேண்டுமென்றால் பிடித்துக்கொள்ளுங்கள்.”

ஒவ்வொரு விளக்காக அணைந்தது. கடைசி விளக்கும் அணைந்த பிறகு இருந்ததை இரவோடு சேர்க்க முடியாது. இரவில் நட்சத்திரம் உண்டு, தூரத்துத் தெருவிளக்கு உண்டு, கொஞ்ச நேரத்தில் கண் பழகிக்கொள்ளும். இங்கே கண் பழக ஒன்றுமே இல்லை. முகத்துக்கு நேரே கையைக் கொண்டுபோனேன். விரல் மூக்கில் பட்டபோதுதான் கை அங்கே இருப்பது தெரிந்தது. எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அந்த இருட்டுக்குள்ளிருந்து அவர் பேசினார். “இந்தக் கதவுக்குப் பக்கத்தில் ஆறு வயசுப் பிள்ளை உட்கார்ந்திருக்கும். கையில் ஒரு கயிறு. வண்டி வரும் சத்தம் கேட்டால் இழுத்துக் கதவைத் திறக்க வேண்டும், வண்டி போனதும் மூட வேண்டும். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். மெழுகுவர்த்தியைக் கூலியில்தான் வாங்க வேண்டும். அது தீர்ந்தால் இந்த இருட்டு.”

குழுவில் யாரோ மெல்ல அழுதார்கள். அவர் பேச்சை நிறுத்தவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

அந்தக் குழந்தைகளைப் பற்றி அரசு அமைத்த விசாரணைக் குழுவின் அறிக்கை வெளிவந்த பிறகு, 1842இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. பெண்களும் பத்து வயதுக்குக் குறைந்த சிறுவர்களும் நிலத்துக்கடியில் வேலை பார்க்கக் கூடாது என்றது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் யார்க்ஷரில் ஹஸ்கர் சுரங்கத்துக்குள் மழை வெள்ளம் புகுந்து 26 சிறார்கள் இறந்திருந்தார்கள். சட்டம் வருவதற்கு முன்னால் எத்தனை தலைமுறைக் குழந்தைகள் இப்படிக் கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள் என்பதை அந்த இருட்டில் நின்று யோசித்தேன். என் கால் தன்னையறியாமல் சுவரைத் தேடி நகர்ந்தது.

விளக்கை மறுபடி ஏற்றி நடந்தோம். கூரை தாழத் தாழக் குனிந்தோம். ஹெல்மெட் நொடிக்கொரு தரம் உத்தரத்தில் இடித்தது. காலடியில் ஓடையாகத் தண்ணீர், இரும்புத் துரு கரைந்து செம்மண் நிறம். ஓரிடத்தில் விளக்கைச் சுவரோரம் காட்டினார். தரைக்கும் பாறைக்கும் நடுவே கறுப்பாக ஒரு பட்டை. “இதுதான் கரி. இதற்காகத்தான் எல்லாம்.” இந்தச் சுரங்கத்தில் கடைசியாக வெட்டிய கார்வ் அடுக்கின் கனம் அதிகபட்சம் 30 அங்குலம். நம் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் இருக்கும் இடைவெளி அவ்வளவுதான். அதற்குள் ஒருக்களித்துப் படுத்து, தோளைத் தரையில் ஊன்றி, கொத்துக்கோடரியைப் பக்கவாட்டில் வீச வேண்டும். அவர் படுத்துக் காட்டினார். அறுபது வயதைத் தாண்டிய உடம்பு எந்தத் தயக்கமும் இல்லாமல் அந்த நிலைக்குப் போனது. மூட்டும் முதுகும் அந்த வேலையை இன்னும் மறக்கவில்லை.

இன்னும் கொஞ்சம் தள்ளிக் குதிரை லாயம். சுண்ணாம்பு அடித்த சுவர், வரிசையாகத் தடுப்புகள், தடுப்புக்கு மேல் குதிரைகளின் பெயர்ப் பலகைகள். கரி நிரம்பிய வண்டிகளை இழுத்தவை இவைதான். 1913 வாக்கில் பிரிட்டன் சுரங்கங்களில் 70,000 குதிரைகள் இருந்தன. பெரும்பாலானவை நிலத்துக்கடியிலேயே தின்று, உறங்கி, வாழ்ந்தன. கோடையில் சுரங்கத்துக்கு விடுமுறை விடும் நாட்களில் மட்டும் மேலே கொண்டுவந்து புல்வெளியில் விடுவார்கள். “கண் கூசிச் சற்று நேரம் அப்படியே நிற்கும். பிறகு ஓடும் பாருங்கள் ஓட்டம்,” என்றார். வழக்கத்தைவிட ஒரு வண்டி கூடுதலாகக் கோத்தால் குதிரை அடியெடுத்து வைக்காதாம். கொக்கி மாட்டும் சத்தத்தை அது எண்ணிக்கொண்டிருக்கும் என்பது சுரங்கத்துக்காரர்கள் எல்லாரும் சொல்லும் கதை. குதிரையைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரலில் ஒரு குழைவு வந்தது. வேல்ஸில் கடைசிக் குதிரைகள் 1999இல்தான் சுரங்க வேலையிலிருந்து விடுபட்டன.

மேலே போகும் முன் பாதுகாப்பு விளக்கைக் காட்டினார். ஹம்ஃப்ரி டேவி 1815இல் கண்டுபிடித்த, கம்பிவலை சுற்றிய விளக்கு. மீத்தேன் இருந்தால் சுடரின் தலையில் நீலமாக ஒரு தொப்பி தோன்றும். அதன் உயரத்தைப் பார்த்து எவ்வளவு வாயு என்று கணிப்பார்கள். கூண்டில் கேனரிக் குருவியும் இருந்தது. கார்பன் மோனாக்சைடு மனிதனைத் தொடும் முன் குருவியைச் சாய்த்துவிடும். 1986 வரை அந்தக் குருவிகள் பிரிட்டன் சுரங்கங்களில் வேலை பார்த்தன.

குளியலறையும் உணவுக்கூடமும்

மேலே வந்ததும் தூறலில் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றேன். சாம்பல் நிற வானம் அவ்வளவு அழகாக இருக்கும் என்று நினைத்ததில்லை.

சரிவின் மேலே சுரங்கத்தின் பொதுக் குளியலறை. 1939இல் திறந்தது. ஒரு பக்கம் சுத்தமான துணிக்கு அலமாரி, மறுபக்கம் வேலைத் துணிக்கு அலமாரி, நடுவில் வரிசையாகக் குளியல் தடுப்புகள். ஈரத் துணி மறுநாளுக்குள் உலர்வதற்குச் சூடான காற்றை அலமாரிக்குள் செலுத்தியிருக்கிறார்கள். பார்க்கச் சாதாரணக் கட்டடம். இது வருவதற்கு முன் ஆண்கள் கரி படிந்த உடம்போடு வீட்டுக்குப் போவார்கள். அடுப்பின் முன்னால் தகரத் தொட்டியில் குளிப்பார்கள். கணவன், மகன்கள், வாடகைக்குத் தங்கியவர் என்று ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஆள் வர, அத்தனை பேருக்கும் தண்ணீர் தூக்கிச் சுட வைத்து ஊற்றியவர்கள் பெண்கள். கனத்த அண்டாக்களைத் தூக்கியே முதுகு போனவர்கள், கருச் சிதைந்தவர்கள், கொதிநீர் கொட்டிப் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. சுரங்கத்துக்குள் ஒருநாளும் இறங்காத பெண்களின் உழைப்பையும் அந்தச் சுரங்கம் விழுங்கியிருக்கிறது. குளியலறை வேண்டும் என்ற கோரிக்கையில் பெண்களின் குரலும் சேர்ந்தே ஒலித்தது.

பழைய உணவுக்கூடத்தில்தான் சாப்பிட்டோம். ஆட்டுக்கறியும் லீக் தண்டும் உருளைக்கிழங்கும் போட்டுக் கொதிக்க வைத்த ‘கவ்ல்’ என்ற ரசக் குழம்பு, அதோடு ரொட்டி, ஒரு துண்டு சீஸ். காரம் துளியும் இல்லை. ஆனால் எலும்பு வரை ஏறியிருந்த குளிர் இறங்கிப்போனது. பிறகு உலர்ந்த திராட்சை போட்டுக் கல்லில் சுட்ட வேல்ஸ் கேக். வழிகாட்டி தன் தேநீரோடு எங்கள் மேசைக்கே வந்து உட்கார்ந்தார். சுரங்கத்துக்குள் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன். ரொட்டி, சீஸ், சில நாள் ஜாம். எலி புகாதபடி இறுக மூடும் தகர டப்பா. உங்கள் ஊரில்? என்றார். தூக்குச்சட்டியில் பழைய சோறும் மோரும், கடித்துக்கொள்ள ஊறுகாயோ வெங்காயமோ என்றேன். “மோர் நல்ல யோசனை,” என்று தலையாட்டினார்.

பிறகு அவராகவே 1984 பற்றிப் பேசினார். சுரங்கங்களை மூடுவதை எதிர்த்து மார்ச் மாதம் தொடங்கிய வேலைநிறுத்தம் ஓராண்டு நீடித்தது. தெற்கு வேல்ஸில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கடைசி வரை வேலைக்குத் திரும்பாமலே நின்றார்கள். அந்த ஓராண்டும் ஊர் மன்றங்களில் பெண்கள் பொதுச் சமையல் நடத்தினார்கள், உணவுப் பொட்டலம் கட்டினார்கள். 1985 மார்ச்சில் தோற்றுத் திரும்பியபோது சில ஊர்களில் பேண்டு வாத்தியத்தோடு, சங்கக் கொடியைத் தூக்கிப் பிடித்தபடி சுரங்க வாசல் வரை நடந்தார்கள். “அப்பாவுக்கு நுரையீரலில் தூசி. கட்டிலில் உட்கார்ந்தபடியே எங்கள் ஊர்வலத்தைக் கேட்டார்,” என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

போராட்டம் தோற்றதோடு கதை முடியவில்லை என்பதையும் அவரே சொன்னார். மேற்கே ஹிர்வாயின் பக்கத்தில் டவர் என்ற சுரங்கத்தை 1994இல் மூடினார்கள். அங்கே வேலை பார்த்த 239 பேர், பணிநீக்கத்தில் கிடைத்த பணத்திலிருந்து ஆளுக்கு 8,000 பவுண்டு போட்டு அந்தச் சுரங்கத்தையே வாங்கினார்கள். கரி தீர்ந்து 2008இல் மூடும் வரை தாங்களே நடத்தினார்கள்.

ட்ரெடீகர்

மலை முகட்டுச் சாலையில் மேற்கே போனால் ட்ரெடீகர். அனியூரின் பெவன் 1897இல் பிறந்த ஊர். 13 வயதில் சுரங்கத்துக்குப் போனவர். தொழிலாளர் நூலகத்தில் படித்தே தன்னை வளர்த்துக்கொண்டவர். பின்னால் சுகாதார அமைச்சராகி, 1948 ஜூலை 5ஆம் தேதி பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையைத் தொடங்கிவைத்தார்.

அதன் விதை இந்த ஊரில்தான் இருந்தது. ட்ரெடீகர் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து வாரா வாரம் ஒரு பங்கு கொடுத்து மருத்துவ உதவிச் சங்கம் வைத்திருந்தார்கள். அந்தப் பணத்தில் மருத்துவர், செவிலியர், மருந்து, மூக்குக்கண்ணாடி வரை குடும்பத்துக்கே கிடைத்தது. நோய் வந்த பிறகு யாரும் கையேந்த வேண்டியதில்லை.  தன் ஊர் செய்ததை நாடு முழுக்கச் செய்வதுதான் பெவனின் திட்டம்.

ஊருக்கு மேலே குன்றின் மீது நான்கு பெரிய கற்களை நட்டிருக்கிறார்கள். நடுக்கல் பெவனுக்கு, சுற்றியுள்ள மூன்றும் அவருடைய தொகுதியின் மூன்று ஊர்களுக்கு. காற்று ஆளைத் தள்ளியது. நண்பன் நெடுநேரம் அங்கே நின்றான். பிறகு சொன்னான்: “நான் வாங்குற சம்பளம் இவங்க போட்ட காசுடா.” இந்தப் பள்ளத்தாக்குகளில் மருத்துவர் கிடைக்காமல் தவித்த காலத்தில் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து வந்த மருத்துவர்கள்தான் ஊர் ஊராகக் குடும்ப மருத்துவர்களாக இருந்தார்கள். சுரங்கத் தொழிலாளிகளின் தூசி படிந்த நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டவர்களில் நம் ஊர்களில் படித்து வந்தவர்களும் உண்டு.

அபர்வான்

அங்கிருந்து தெற்கே இறங்கினால் டாஃப் ஆற்றங்கரையில் அபர்வான். அங்கிருந்த சுரங்கத்தின் கழிவை ஊருக்கு மேலே மலையில் கொட்டி வந்தார்கள். ஏழாம் எண் குவியலை நீரூற்றுகளின் மேலேயே குவித்தார்கள். ஆபத்து என்று ஊரார் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார்கள். 1966 அக்டோபர் 21, காலை 9.15 மணி. மழையில் ஊறிய அந்தக் குவியல் சரிந்து பான்ட்கிளாஸ் பள்ளியின் மீது இறங்கியது. வகுப்பு அப்போதுதான் தொடங்கியிருந்தது. 144 பேர் இறந்தார்கள். அவர்களில் 116 பேர் குழந்தைகள்.

செய்தி கேட்டுச் சுரங்கத்திலிருந்து மேலேறி வந்த தகப்பன்மார் தங்கள் பிள்ளைகளைத் தேடிக் கையாலும் மண்வெட்டியாலும் தோண்டினார்கள். விசாரணை ஆணையம் பொறுப்பைத் தேசிய நிலக்கரி வாரியத்தின் மேல் வைத்தது. ஆனாலும் மீதமிருந்த குவியல்களை அகற்ற, உலகெங்குமிருந்து மக்கள் அனுப்பிய நிவாரண நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டு எடுத்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் பணத்தில் அந்தக் கழிவை அள்ளினார்கள். 1997இல்தான் அரசு அதைத் திருப்பிக் கொடுத்தது.

பள்ளி இருந்த இடம் இப்போது ஒரு தோட்டம். சரிவின் மேலே கல்லறைத் தோட்டத்தில் வெண்ணிற வளைவுகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பிள்ளையின் பெயரும் வயதும். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. வாசித்துக்கொண்டே நடந்தேன். நண்பனுக்கு எட்டு வயதில் மகள் இருக்கிறாள். அவன் பாதி வழியிலேயே நின்றுவிட்டான்.

செங்கெனித்

திரும்பும் வழியில் கடைசியாக செங்கெனித். பிரிட்டன் கண்ட மிகப் பெரிய சுரங்க விபத்து நடந்த ஊர். 1913 அக்டோபர் 14 அன்று யுனிவர்சல் சுரங்கம் வெடித்து 439 தொழிலாளர்களும் மீட்கப் போன ஒருவரும் இறந்தார்கள். அதே சுரங்கம் 1901இலும் வெடித்து 81 பேரைக் கொண்டுபோயிருந்தது. பாதுகாப்பு விதிகளை மீறியதற்காக மேலாளருக்கு 24 பவுண்டும் நிறுவனத்துக்கு 10 பவுண்டும் அபராதம். நூறாண்டு நிறைவில், 2013இல், அங்கே வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களுக்கான தேசிய நினைவிடத்தைத் திறந்தார்கள். மீட்பவர் ஒருவர் தப்பியவரைத் தாங்கிப் பிடித்திருக்கும் வெண்கலச் சிலை. சுற்றுச் சுவரில் ஓடுகள், அவற்றில் இறந்த ஒவ்வொருவரின் பெயரும். பாதையில் வேல்ஸின் மற்றச் சுரங்க விபத்துகளின் பெயர்கள்.

பிரிட்டனில் கடைசி ஆழ்சுரங்கத்தை 2015 டிசம்பரில் மூடினார்கள். கரி எரித்த கடைசி மின்நிலையம் 2024 செப்டம்பர் 30 அன்று நின்றது. கரியை எரித்ததால் பூமி சூடாகியிருக்கிறது. அதை நிறுத்தத்தான் வேண்டும், நிறுத்தியது நல்லதே. ஆனால் தொழில் முடிந்ததோடு அந்த மனிதர்களையும் மறந்துவிடலாம் என்று இந்த ஊர்கள் நினைக்கவில்லை. கரியால் வந்த செல்வத்தைக் காட்டுவதற்குக் கோட்டையும் தங்கக் கூரையும் இருக்கின்றன. கரியை வெட்டியவனின் கதையைச் சொல்ல, அவனையே நிறுத்தியிருக்கிறார்கள். நான் பார்த்தவற்றில் மிகப் பெரிய விஷயம் அதுதான். எழுதிவைத்ததை ஒப்பிக்கும் வழிகாட்டியாக இருந்திருந்தால் அந்தக் கதவருகே எனக்கு அந்த நடுக்கம் வந்திருக்காது. படுத்துக் காட்டும்போது அவர் உடம்பு பேசியதை எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் வைக்க முடியாது.

அந்த வழிகாட்டிகளுக்கு வயதாகிவருகிறது. இன்னும் சில ஆண்டுகளில், கரியை வெட்டியே பார்க்காதவர்கள்தான் பிக் பிட்டில் விளக்கை அணைக்கச் சொல்வார்கள். அப்போதும் சொல்வதற்கு இவர்களின் சொற்கள் அங்கே இருக்கும். ஏனென்றால் அவற்றைக் கேட்டுச் சேர்த்துவைத்திருக்கிறார்கள்.

நெய்வேலியில் 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் கிணற்றில் கறுப்பாக ஏதோ வந்ததிலிருந்து தொடங்குகிறது எங்கள் கதை. பள்ளத்தில் இறங்கி வேலை பார்த்த முதல் தலைமுறை இன்று திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. ஆழத்து ஊற்று பீறிட்டபோது ராப்பகலாகத் தண்ணீர் இறைத்தவர்கள், ஒப்பந்தக் கூலியாகவே ஓய்வு பெற்றவர்கள், சுரங்கத்துக்கு நிலத்தை விட்டு வீட்டுச் சாமானோடு வண்டியேறிய கிராமத்தார், அவர்களுக்குத் தூக்குச்சட்டி கட்டிக் கொடுத்த பெண்கள். எங்கள் சுரங்கமும் ஒருநாள் ஓயும். அன்று நம் பிள்ளைகளைக் கூட்டிப் போய் ஓர் இடத்தில் நிறுத்தி, இங்கே இவர் இப்படி உழைத்தார் என்று சொல்ல வேண்டும். அந்தக் கதையைச் சொல்லத் தெரிந்தவர்கள் இப்போது நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கேட்டு, அவர்கள் சொல்லிலேயே எழுதிவைக்க இதுதான் நேரம். ஊருக்குத் திரும்பியதும் எங்கள் தெருவிலிருந்தே அதைத் தொடங்கப் போகிறேன்.